நினைக்கக் கூடாததை மனம் ஏன் நினைக்கிறது

மும்பையில் உயரங்களுக்கும் பஞ்சமில்லை, விளிம்புகளுக்கும் பஞ்சமில்லை. மாட்டுங்கா போன்ற நிலையங்களில் நிற்காமல் பாய்ந்து செல்லும் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பவரின் மனத்தில், ‘இந்த நொடியில் நான் முன்னே சாய்ந்தால்?’ என்று ஓர் எண்ணம் மின்னி மறைகிறது. முலுண்டிலோ போவாயிலோ இருபதாவது மாடியில் குடியிருப்பவர், துணி உலர்த்தப் பால்கனிக்கு வரும்போது, கம்பியைத் தாண்டிவிடுவோமோ என்று காரணமின்றிப் பதறிப் பின்வாங்குகிறார். பாந்திரா–வொர்லி கடற்பாலத்தில் டாக்சியில் போகிறவருக்கு, தவணை முறையில் வாங்கி இன்னும் கடன் தீராத கைப்பேசியைச் சன்னல் வழியாகக் கடலில் வீச வேண்டும் போலிருக்கிறது. இவர்கள் எவரும் சாக விரும்புபவர்கள் அல்லர். பொருளை வெறுப்பவர்களும் அல்லர். அதற்கு முந்தைய நொடிவரை, வீட்டுக்குப் போய்ச் சாம்பாருக்குப் பருப்பு வேகவைப்பதைப் பற்றியோ, மகனின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றியோ யோசித்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர்கள்.

எனக்கும் இவை வருவதுண்டு. வந்த மாத்திரத்தில் போய்விடுவதும் உண்டு. ஆனால் இதைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான், என்னைச் சுற்றியிருக்கும் எத்தனை பேர் இதை ஒரு குற்றத்தைப் போல ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. நான் முதலில் என்னுடையதைச் சொன்னால் மட்டுமே அவர்கள் தங்களுடையதைச் சொல்கிறார்கள். செம்பூரில் எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். தீபாராதனையின்போது சந்நிதியில் எல்லோரும் கைகூப்பி நிற்கும் வேளையில், உரக்க ஒரு கெட்ட வார்த்தையைக் கத்திவிடுவோமோ என்ற அச்சம் தமக்கு இளமையிலிருந்தே உண்டு என்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை செய்யும் தோழிக்கு, மேலதிகாரி மிகத் தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய வழுக்கைத் தலையைத் தட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்குமாம். அவள் தட்டியதில்லை, அவர் கத்தியதுமில்லை. இந்த ‘இல்லை’யைத்தான் நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை.

இதை ஆய்வு நோக்கில் முதன்முதலாக முறையாகக் கேட்டவர்களில் இருவர் ஸ்டான்லி ராக்மனும் பத்மல் டி சில்வாவும். முன்னவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பின்னவர் இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்று பணியாற்றிய உளவியலாளர். மனநோய் எதுவும் இல்லாத நூற்றுக்கு மேற்பட்டவர்களிடம், விரும்பாமலே மனத்தில் புகும் எண்ணங்களும் உந்துதல்களும் உங்களுக்கு உண்டா என்று அவர்கள் கேட்டபோது, பத்தில் எட்டுப் பேர் உண்டு என்றார்கள். 1978-இல் வெளிவந்த அந்த ஆய்வின் சுவையான பகுதி அதற்குப் பின்னால் வருகிறது. இத்தகைய எண்ணங்களால் அவதிப்படும் நோயாளிகள் சொன்னவற்றையும் நலமாக இருப்பவர்கள் சொன்ன எண்ணங்களையும் கலந்துவைத்து, எது யாருடையது என்று பிரித்துக் காட்டும்படி அனுபவமுள்ள மருத்துவ உளவியலாளர்களைக் கேட்டபோது, அவர்களால் அதை நன்றாகச் செய்ய முடியவில்லை. உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றேதான். குழந்தையைத் தாக்குவது, வழிபாட்டு இடத்தில் ஆபாசமாகப் பேசுவது, ஓடும் வண்டியின் முன் பாய்வது ஆகியவை இரு தரப்பிலும் இருந்தன. எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு துன்புறுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

இது மேலை நாட்டவரின் நோய், நம்மவர்களுக்கு ஏது என்று சொல்பவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. 2014-இல் மான்ட்ரியல் நகரின் ஆடம் ராடம்ஸ்கி தலைமையில் வெளியான ஆய்வொன்று, ஆறு கண்டங்களில் 13 நாடுகளைச் சேர்ந்த 777 பல்கலைக்கழக மாணவர்களிடம் நேர்காணல் நடத்தியது. கடந்த மூன்று மாதத்தில் இத்தகைய எண்ணம் ஒன்றேனும் வந்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 94 விழுக்காடு. கனடாவைப் போலவே ஈரானிலும் சியரா லியோனிலும் இது இருந்தது. ஆகவே மாட்டுங்காவிலும் தாராவியிலும் மட்டும் இல்லாமல் போக வழியில்லை.

உயரத்தில் நிற்கும்போது வரும் உந்துதலைப் பற்றித் தனியே ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ஹேம்ஸும் அவருடைய குழுவினரும் 431 மாணவர்களிடம் கேட்டு 2012-இல் வெளியிட்டார்கள். தற்கொலை பற்றி வாழ்நாளில் ஒருபோதும் எண்ணியிராதவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர், உயரமான இடத்தில் நின்றபோது குதித்துவிடத் தோன்றியதை ஒருமுறையேனும் உணர்ந்திருந்தார்கள். இதற்கு ஹேம்ஸ் தந்த விளக்கம் எளிமையானது. விளிம்பருகே நிற்கும்போது, உயிரைக் காக்கும் அமைப்பு நாம் யோசிப்பதற்கு முன்பே ‘பின்னால் போ’ என்று எச்சரிக்க, உடல் சட்டென்று பின்வாங்குகிறது. சிந்திக்கும் மனம் சற்றுத் தாமதமாக வந்து, தரை உறுதியாக இருக்கிறது, கம்பி வலுவாக இருக்கிறது, யாரும் தள்ளவில்லை, பிறகு ஏன் பின்வாங்கினேன் என்று காரணம் தேடுகிறது. கிடைக்காதபோது, ‘நான் குதிக்க நினைத்திருக்க வேண்டும்’ என்று தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறது. அதாவது வாழ வேண்டும் என்ற உந்துதலே சாக வேண்டும் என்ற உந்துதலாகத் தவறாக வாசிக்கப்படுகிறது. தம் உடலின் படபடப்பைக் கண்டு எளிதில் அஞ்சுபவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்ற கண்டுபிடிப்பும் இந்த விளக்கத்தோடு பொருந்துகிறது.

உடலியல் வழியிலும் இதற்குச் சிறு ஆதாரம் தேடலாம். நிற்கும்போது நம் உடல் எப்போதும் நூலிழை அளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. அருகிலுள்ள சுவர், கதவு போன்ற அசையாப் பொருள்களைக் கண்கள் பார்த்து அந்த ஆட்டத்தைத் திருத்துகின்றன. பால்கனியில் கண்ணுக்கு முன்னால் வெட்டவெளி மட்டுமே இருக்கும்போது திருத்துவதற்கான ஆதாரம் குறைந்து, ஆட்டம் கூடுகிறது. உண்மையிலேயே உடல் முன்னும் பின்னும் சற்று அதிகமாக ஆடுகிறது என்றால், ‘ஏதோ என்னை இழுக்கிறது’ என்று ஒருவர் சொல்வதில் வியப்பில்லை.

ஆயினும் ஹேம்ஸின் விளக்கம் எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. உயரத்துக்கு அது பொருந்தும். கோயிலில் கத்தத் தோன்றுவதற்கும் மேலதிகாரியின் தலையைத் தட்டத் தோன்றுவதற்கும் அங்கே உயிருக்கு என்ன ஆபத்து இருக்கிறது? அதற்கு வேறொரு கதவைத் தட்ட வேண்டும்.

அந்தக் கதவின் சாவி நம் வீட்டுக் கதையிலேயே இருக்கிறது. வைத்தியர் மருந்தைக் கொடுத்துவிட்டு, குடிக்கும்போது குரங்கை மட்டும் நினைத்துவிடாதே என்று சொல்லி அனுப்பிய கதையைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. மருந்தை எடுக்கும்போதெல்லாம் குரங்குதான் வந்து நின்றது. இதே கதையைத்தான் 1987-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சோதனையாகச் செய்து பார்த்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. ஐந்து நிமிடம் மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்தால் மணி அடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது, பிறகு ‘இனிமேல் கரடியை நினைக்கலாம்’ என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட, அடக்கிவைத்திருந்தவர்கள்தாம் கரடியை அதிகமாக நினைத்தார்கள்.

இதற்கு வெக்னர் 1994-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். ஓர் எண்ணத்தை விலக்க முயலும்போது மனத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, கவனத்தை வேறொன்றின் மேல் திருப்பும் வேலை. இதற்கு உழைப்பு வேண்டும். மற்றொன்று, விலக்கிய எண்ணம் திரும்பி வருகிறதா என்று இடைவிடாது கண்காணிக்கும் வேலை. இது தானாகவே நடக்கிறது. கண்காணிப்பதற்கு எதைக் கண்காணிக்கிறோம் என்பதை மனம் எப்போதும் கையருகே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. களைப்பு, உறக்கமின்மை, பதற்றம் ஆகியவற்றால் முதல் வேலை தளரும்போது, தளராத இரண்டாவது வேலை தான் தேடிக்கொண்டிருந்ததையே மனத்தின் முன் நிறுத்திவிடுகிறது. அமைதி காக்க வேண்டிய சந்நிதியில்தான் கெட்ட வார்த்தை நாக்கு நுனிக்கு வருகிறது. கூட்டம் பிதுங்கும் லோக்கலில் வந்து சேர மாட்டேனென்கிறது. எங்கே கட்டுப்பாடு மிக அதிகமாகத் தேவைப்படுகிறதோ அங்கேதான் கண்காணிப்பும் மிகக் கடுமையாக இருக்கிறது.

இப்படிப் பார்த்தால், உந்துதலின் உள்ளடக்கம் ஏன் எப்போதும் நாம் மிகவும் அருவருக்கும் ஒன்றாகவே இருக்கிறது என்பதும் விளங்கும். பக்தி இல்லாதவருக்குச் சந்நிதியில் கத்தும் அச்சம் வராது, வந்தாலும் தங்காது. யாருக்கு எது உயிராக இருக்கிறதோ அதைத் தாக்கும் எண்ணமே அவருடைய மனத்தில் முள்ளாகத் தைக்கிறது. கனடாவின் வான்கூவரில் நிக்கோல் ஃபேர்பிரதரும் ஷீலா வுடியும் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார்களிடம் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைக்குத் தற்செயலாக ஏதேனும் ஆகிவிடுமோ என்ற எண்ணம் எல்லோருக்குமே வந்திருந்தது. தாமே வேண்டுமென்று தீங்கு செய்துவிடுவது போன்ற எண்ணம் வந்ததாக ஏறத்தாழப் பாதிப்பேர் ஒப்புக்கொண்டார்கள். பாதிப்பேர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால், பிரசவம் முடிந்து தாய்வீட்டில் இருக்கும் ஒரு பெண் இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதையும், தான் ஒருத்தி மட்டுமே பேயாகப் பிறந்தோம் என்று எண்ணி உறங்காமல் கிடப்பாள் என்பதையும் நான் அருகிலிருந்து கண்டிருக்கிறேன்.

டோம்பிவிலியில் இருக்கும் என் சித்தி மகளுக்கு அது நேர்ந்தது. குழந்தை பிறந்து சில வாரங்களில், அரிவாள்மனையைக் கண்டாலே நடுங்கத் தொடங்கினாள். குழந்தை இருக்கும் அறையில் கத்தி, கத்தரிக்கோல் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். பிறகு குழந்தையோடு தனியாக இருக்கவே மறுத்தாள். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார், சித்தி மாட்டுங்கா கோயிலில் அர்ச்சனை செய்தாள். என்னிடம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: “அக்கா, நான் கொலைகாரியா?” குழந்தையைக் கொல்ல நினைப்பவள் கத்தியை ஒளித்துவைக்க மாட்டாளடி என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. பின்னர் மனநல மருத்துவரும் வேறு சொற்களில் ஏறத்தாழ அதையே சொன்னார்.

(இதற்கு நேரெதிரான முகமும் உண்டு. குண்டுக் கன்னக் குழந்தையைப் பார்த்தவுடன் ‘கடித்துத் தின்றுவிடலாம் போலிருக்கிறது’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாத அத்தை உண்டா? யேல் பல்கலைக்கழகத்தில் ஒரியானா அரகானும் மற்றவர்களும் 2015-இல் இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பெருகிவரும் பாசத்தைச் சமன் செய்யவே இந்தப் பொய்க் கோபம் எழுகிறது என்பது அவர்கள் கருத்து. அத்தை சொன்னால் சிரிக்கிறோம். தாய் சொன்னால் அஞ்சுகிறோம்.)

சாதாரண எண்ணம் ஒன்று நோயாக மாறும் இடம் எது என்பதற்கு வருகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸ் 1985-இல் எழுதியதும், ராக்மன் 1997-இல் விரித்துச் சொன்னதும் இதுவே: எண்ணம் நோயன்று, எண்ணத்துக்குக் கொடுக்கும் பொருளே நோயைத் தொடங்கிவைக்கிறது. ‘என்ன கண்றாவி நினைப்பு’ என்று நகர்ந்துவிடுபவருக்கு அது அந்த நொடியோடு முடிகிறது. ‘இப்படி நினைத்த நான் எப்படிப்பட்டவள்?’ என்று விசாரணை தொடங்குபவருக்கு அது தொடர்கிறது. அந்த விசாரணையின் அடியில் பெரும்பாலும் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. நினைப்பது செய்வதற்குச் சமமான பாவம் என்பது ஒன்று. நினைத்தால் அது நடந்துவிடும் என்பது மற்றொன்று. ரோஸ் ஷாஃப்ரனும் ராக்மனும் அவருடைய குழுவினரும் 1996-இல் இவ்விரண்டையும் வகைப்படுத்தி அளந்தார்கள்.

அவர்கள் நம் வீடுகளுக்கு வந்திருந்தால் அளக்க நெடுநேரம் ஆகியிருக்காது. ‘அப்படியெல்லாம் வாயால் சொல்லாதே, மேலே தேவதைகள் ததாஸ்து (அப்படியே ஆகட்டும்) சொல்லிவிடும்’ என்ற எச்சரிக்கையை நான் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தேன்; இங்கே எங்கள் பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பத்திலும், வீட்டில் குடிகொண்டிருக்கும் வாஸ்து தேவதை ததாஸ்து சொல்லும் என்று பிள்ளைகளை அடக்குகிறார்கள். நாவடக்கத்துக்கு அது நல்ல பயிற்சிதான். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் நாவை அடக்குவதுபோல் எண்ணத்தை அடக்க இயலாது. கேட்காமலே வரும் எண்ணத்துக்கும் வேண்டி வளர்க்கும் எண்ணத்துக்கும் வேறுபாடு உண்டு என்பதை அந்த எச்சரிக்கையோடு சேர்த்து எந்தப் பாட்டியும் சொல்லிக்கொடுத்ததில்லை. பகைவனைக் கெடுக்கப் பல நாள் திட்டமிடுபவனையும், அரை நொடி தோன்றிய படத்தைக் கண்டு தானே நடுங்குபவளையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம்.

நோய் நிலையில் நடப்பது ஒரு சுழல். எண்ணம் வருகிறது, அச்சம் எழுகிறது, அச்சத்தைத் தணிக்க ஒரு செயல் செய்யப்படுகிறது. கத்தியை ஒளித்துவைப்பது, மனத்துக்குள் ஒரு சுலோகத்தைக் குறிப்பிட்ட முறை சொல்வது, ‘நான் அப்படிச் செய்ய மாட்டேன் அல்லவா?’ என்று கணவனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் அத்தகைய செயல்களே. அச்சம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவே, எண்ணம் உண்மையில் ஆபத்தானது, செயல்தான் காப்பாற்றியது என்ற தவறான பாடத்தைக் கற்பிக்கிறது. எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழிலும், ஓசிடி என்று பேச்சு வழக்கிலும் சொல்லப்படும் இந்நிலை, நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரையில் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் வரக்கூடியது. கை கழுவிக்கொண்டே இருப்பது மட்டுமே ஓசிடி என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதால், வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளேயே சுழல்பவர்கள் கண்ணில் படுவதில்லை.

சிகிச்சை அந்தச் சுழலின் கடைசிக் கண்ணியைத்தான் அறுக்கிறது. 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் தொடங்கிவைத்த முறையின் சாரம், அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ள வைத்து, தணிக்கும் செயலை மட்டும் செய்யாமல் இருக்கப் பழக்குவதாகும். தேவையானவர்களுக்கு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. என் தங்கையை முதலில் குழந்தை உறங்கும் அறைக்கு அடுத்த அறையிலும், பின்னர் அதே அறையிலும் காய் நறுக்கச் சொன்னார்கள். மாமியாருக்கு இது பைத்தியக்கார வைத்தியமாகத் தோன்றியது. அவள் நறுக்கினாள், அழுதாள், மறுபடியும் நறுக்கினாள். நாங்களும், ‘உனக்கு ஒன்றும் ஆகாது’ என்று நிமிடத்துக்கொரு முறை தேற்றுவதை நிறுத்த வேண்டியிருந்தது. வீட்டாருக்கு அதுதான் மிகக் கடினமாக இருந்தது.

டி சில்வாவைப் பற்றி இன்னொன்று சொல்ல விரும்புகிறேன். விலக விரும்பாத எண்ணத்தை என்ன செய்வது என்று பழைய பாலி மொழிப் பௌத்த நூல்கள் சொல்லும் வழிகளையும் இக்கால நடத்தைச் சிகிச்சையின் வழிகளையும் அவர் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். அந்த வழிகளுள் ஒன்று, எண்ணத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவது. துறவிகளுக்கே இதற்கு அறிவுரை தேவைப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து, தியானம் பழகியவர்களுக்கும் இந்த எண்ணங்கள் வந்திருக்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எல்லையையும் கோடிட்டாக வேண்டும். தோன்றியவுடன் நம்மைப் பதறவைத்துப் பின்வாங்கச் செய்யும் உந்துதல் வேறு. வாழ்க்கை சலித்து, இருப்பதைவிட இல்லாமல் போவது நல்லது என்று ஒருவருக்கு ஆறுதலாகத் தோன்றத் தொடங்கும் எண்ணம் வேறு. இரண்டாவது எண்ணத்தை, எல்லோருக்கும் வருவதுதானே என்று ஒதுக்கிவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் உறக்கமே இல்லாமல், இல்லாத குரல்கள் கேட்பதாகவோ குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் இருப்பதாகவோ ஒரு பெண் சொன்னால், அதுவும் வேறு வகையான அவசரம்; அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியது. தனக்கு வருவது எந்த வகை என்று ஐயம் இருப்பவரும் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளாமல் கேட்டுவிடுவதே நல்லது.

கேட்பதிலும் இந்த ஊரில் நமக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் போதுமான இந்தி, மனத்தின் ஆழத்தில் கிடப்பதைச் சொல்லப் போதுவதில்லை. என் தங்கை மருத்துவரிடம் முதல் நாள் இந்தியில் பேசியபோது, ‘பயமாக இருக்கிறது’ என்பதற்கு மேல் அவளால் எதையும் சொல்ல முடியவில்லை. மறுமுறை நான் உடன் சென்று, அவள் தமிழில் சொன்னதை வரி வரியாகச் சொன்னேன். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசிச் சேவை அது. நாள் முழுவதும் இயங்குகிறது, மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பதால் தமிழிலும் பேச முடியும்.